அஞ்சல் வழங்கியின் பழைய பதிப்பு: மன்னார்க் கரையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26ஆம் நாளன்று இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் முறைமை கப்பம் கோரும் நச்சுநிரல் ஒன்றின் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. 'கவ் டொட் எல்கே' என முடியும் ஏறத்தாழ 5,000 முகவரிகள் அதனாற் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகத்தின் முகவரிகளும் அவற்றுள் அடங்கும். முறைமை 12 மணித்தியாலத்துள் மீள இயங்கத் தொடங்கியது. ஆயின் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான காலத்துக்குரிய காப்புப்படி எதுவும் இருக்கவில்லை. அந்த நூறு நாட்களில் வந்த கடிதங்களும் சென்ற கடிதங்களும் மீட்க முடியாதவாறு அழிந்தன. பயன்பாட்டிலிருந்த மென்பொருள் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்ச் 2013 என்னும் காலாவதியான பதிப்பு என்பதும், 2021 முதல் புதிய பதிப்புக்கு மாறத் திட்டமிருந்தும் நிதிப் பற்றாக்குறையாலும் முன்னைய பணிப்பாளர் சபைத் தீர்மானங்கள் சிலவற்றாலும் அது தாமதமாயிற்று என்பதும், அம்முறைமைக்குப் பொறுப்பாயிருந்த தகவல் தொடர்பாடல் தொழினுட்ப முகவர் நிலையம் அப்போது தெரிவித்தவை.

பத்திரிகைகள் இதனைத் தொழினுட்பச் செய்தியாக வெளியிட்டு ஒரு வாரத்தில் மறந்துவிட்டன. அரசியல் வரலாறு எழுதுவோரும் இதனைத் தமது எல்லைக்கு அப்பாற்பட்டதாகவே கருதுவர். ஆனால் ஓர் அரசு தனது குடிகளிடமிருந்து வரும் எழுத்தை எந்தக் கருவி கொண்டு ஏற்கிறது, அக்கருவியை யாருடைய தேவைக்காக, எப்போது மாற்றுகிறது என்பது சமூக வரலாற்றுக்கு அடிப்படையான வினா. கருவியின் பழைய பதிப்பு என்பது பழைய சமூக உறவுகளின் எச்சமுமாகும். அதனை மாற்றாது வைத்திருப்பதன் சுமை எப்போதும் அதனால் வெளியே நிறுத்தப்பட்டவர் மீதே விழுகிறது. இலங்கையில் அச்சுமையைச் சுமந்த மொழி தமிழ் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதனை மன்னார்த் தீவின் பள்ளிமுனையிலிருந்து நோக்குவதற்குக் காரணம் உண்டு. மன்னார் நகரை ஒட்டிய இம்மீனவக் கிராமத்தை வெளியார் அறிவது, அராபிய வணிகர் கொணர்ந்ததாகக் கூறப்படும் பெரும் பெருக்கமரம் ஒன்றினால். உல்லாசப் பயணிகள் அம்மரத்தைப் படம்பிடித்துத் திரும்பிவிடுகின்றனர். ஆனால் இக்கரையின் மெய்யான வரலாறு, பிறருடைய கடிதங்கள் தன்னைக் கடந்து செல்வதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கரையின் வரலாறு. 1914இல் மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரை புகையிரதப் பாதை முழுமை பெற்று, அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பற்சேவை தொடங்கியது. கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என மூன்று வைசிராய்களின் பெயர் தாங்கிய நீராவிக் கப்பல்கள் ஓடின. 'போட் மெயில்' என்று மக்கள் அழைத்த அந்த வழி தபாலுக்காக மாத்திரம் அமைந்ததன்று. மலையகத் தோட்டங்களுக்குக் கூலிகளைக் கொண்டுசெல்வதும் சென்னைக்கும் கொழும்புக்கும் இடையிலான வணிகத்தை விரைவுபடுத்துவதுமே அதன் பொருளாதார அடிப்படை. தபால் அத்தேவையின் முதுகில் ஏறிப் பயணம் செய்தது. தேவை நலிந்தபோது வழியும் நலிந்தது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் அழித்தது. இராமேஸ்வரத்திலிருந்து தொடர்ந்த சேவை 1984இல் நின்றது. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் புகையிரதமும் நின்றது. மீண்டும் தலைமன்னார்க்குப் புகையிரதம் வந்தது 2015இல். அதற்கிடையில் 2006இல் இலங்கையையும் இந்தியாவையும் இணைக்கும் கடலடிக் கண்ணாடியிழைக் கம்பி தூத்துக்குடிக்கும் கல்கிசைக்கும் இடையே போடப்பட்டாயிற்று. புதிய காலத்தின் கடிதங்கள் மன்னாரைக் கடக்கவும் தேவையில்லாது போயிற்று.

மறுபுறத்தில், எழுதுவதற்கு இம்மக்களுக்கு நிறைய இருந்தது. 1990இல் இடம்பெயர்ந்த பள்ளிமுனைக் குடும்பங்கள் சில, தம் வீடுகளும் காணிகளும் கடற்படையின் வசம் இருப்பதாகப் போர் முடிந்த காலந்தொட்டு முறையிட்டும் வழக்காடியும் வந்துள்ளன. மீனவர் சங்கங்கள் எல்லைதாண்டி வரும் இழுவைப்படகுகள் பற்றி எழுதுகின்றன. காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் எழுதுகின்றனர். எங்கள் கரையோரத்தில் அரசியல் என்பது பெரும்பாலும் மனு எழுதுதலே. கச்சேரி முறையைக் கொலனித்துவம் தன் வசதிக்காகவே உண்டாக்கியது என்றாலும், அதில் ஒரு நன்மை இருந்தது: உள்வரும் கடிதப் பதிவேட்டில் ஓர் இலக்கமும் திகதியும் விழும். பதில் வராவிடினும் மனு வந்தது என்பதற்குச் சான்று இருக்கும். மனு மின்னஞ்சலாக மாறியபோது அப்பதிவேட்டின் இடத்தை அஞ்சல் வழங்கி எடுத்துக்கொண்டது. ஆகவே அவ்வழங்கி எத்தகையது, அது எம்மொழியை அறியும் என்பன பள்ளிமுனைக்கும் உரிய கேள்விகள்.

மின்னஞ்சலின் அடிப்படை விதியான எஸ்எம்டிபி என்னும் நெறிமுறை 1982இல் ஜோன் போஸ்டல் என்பவரால் வரையறுக்கப்பட்டது. அது ஓர் எழுத்துக்கு ஏழு பிட்டுகளையே அனுமதித்தது. ஏழு பிட்டுகளில் 128 குறியீடுகள் அடங்கும். ஆங்கில அரிச்சுவடிக்கும் எண்களுக்கும் நிறுத்தக்குறிகளுக்கும் அவை போதும். வேறெந்த எழுத்துக்கும் அங்கே இடமில்லை. இதனைச் சதியென்று கூறுவது நகைப்புக்கிடம். அமெரிக்க இராணுவப் பணத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தமக்காக அமைத்த வலையமைப்பில் அவர்களுடைய எழுத்து மாத்திரம் இருந்தது இயல்பே. கவனிக்கத்தக்கது, அந்த இயல்பு பின்னர் உலகம் முழுவதற்குமான விதியாக நிலைபெற்ற முறை. பேர்க்லியில் எரிக் அல்மன் எழுதிய சென்ட்மெயில் என்னும் மென்பொருள் 1980களில் இணையத்தின் முதன்மையான அஞ்சல் வழங்கியாய் விளங்கியது. அதன் பழைய பதிப்புகள் எட்டாவது பிட்டை வெட்டி எறிந்துவிடும். 1993இல் வந்த எட்டாம் பதிப்பு அவ்வாறு வெட்டுவதில்லை. எனினும் பழைய முறைமைகளோடு ஒத்துப்போவதற்காக ஏழு பிட்டுகளாக்கிவிடும் ஒரு தெரிவை அப்பதிப்பும் தன்னுள் வைத்திருந்தது. புதியது பழையதன் கருவறையில் உருவாகிறது என்று நாம் சமூகத்தைப் பற்றிக் கூறுவது மென்பொருளுக்கும் பொருந்துகிறது. பழையது புதியதன் வீட்டில் ஓர் அறையைத் தனக்கென வைத்துக்கொள்வதும் அவ்வாறே பொருந்துகிறது.

எட்டாவது பிட் வெட்டப்படுவதன் பொருள் என்ன? 1990களின் இறுதியில் கணினித் தமிழர்கள் கூடி உருவாக்கிய டிஸ்கி குறியேற்றம் தமிழ் எழுத்துகளை மேற்பகுதியிலுள்ள 128 இடங்களில் அமர்த்தியது. எட்டாவது பிட்டை அழிக்கும் ஒரு பழைய வழங்கி இடையில் நின்றால், அனுப்பியது கடிதமாகவும் அடைந்தது குப்பையாகவும் இருக்கும். அக்குறியேற்றத்துக்கு முன்னரும் பின்னரும் ஈழத்தமிழர் பெரிதும் நம்பியது பாமினி எழுத்துருவை. பாமினியின் தந்திரம் எளியது. தமிழ் எழுத்துகளிற் பெரும்பாலானவற்றை அது ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே உட்கார வைத்தது. 'தமிழ்' என்னும் சொல் பாமினியில் கணினிக்குத் தெரிவது ஜே, கே, பீ, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாக. எந்தப் பழைய வழங்கியும் அதனை மறிக்காது. ஏனெனில் அதன் கண்ணுக்கு அது தமிழ் அன்று. போர்க்காலத்தில் ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் கொழும்புக்கும் இடையே எத்தனையோ துயரச் செய்திகள் இவ்வாறு ஆங்கில எழுத்தின் வேடம் பூண்டு சென்றன. எழுத்துரு இல்லாத கணினியில் வேடம் கலையாது; கடிதம் பொருளற்ற எழுத்துக் கூட்டமாகவே நிற்கும்.

இத்தகைய வேடம் இக்கரைக்குப் புதிதன்று. 1554இல் லிஸ்பனில் அச்சான போர்த்துக்கேய–தமிழ் மறைநூலே அச்சேறிய முதல் தமிழ் நூலாகக் கொள்ளப்படுகிறது. அதன் தமிழ் உரோமன் எழுத்திலேயே உள்ளது; லிஸ்பன் அச்சகத்தில் தமிழ் எழுத்தச்சு இருக்கவில்லை. முத்துக்குளித்துறைக் கிறித்தவர்களை முன்னிட்டு உருவான நூல் அது. அம்மக்களின் ஒரு பகுதியினர், 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைப் பிடித்துக் கோட்டை எழுப்பியபின் இத்தீவுக்குக் கொணரப்பட்டனர். அவர்களிடையே பணியாற்றிய ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளாரும் சிலகாலம் மன்னாரில் இருந்தார். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சாயிற்று. இடைப்பட்டது 24 ஆண்டுகள். மதம் பரப்புதல் என்னும் தேவை உந்தியதால் பொறி மொழிக்கேற்ப வளைந்தது, எழுத்தச்சு வார்க்கப்பட்டது. மின்னஞ்சலின் கதையில் பொறி வளைவதற்குக் காலம் கூடுதலாகவே சென்றது, காரணம் எளிது: கரையோரத் தமிழனிடம் விற்பதற்கு அப்போது எவருக்கும் எதுவும் இருக்கவில்லை.

வளைவு முற்றாக நிகழவில்லை என்றும் கூறமுடியாது. 1992இல் வந்த மைம் விதிமுறை வேற்றெழுத்துகளை ஏழு பிட்டுகளுக்குள் மாற்றி அனுப்பும் வழியைத் தந்தது. யூனிகோட் தமிழுக்குத் தனி இடம் கொடுத்தது. ஆயின் அந்த வழியின் கூலியை நோக்கவேண்டும். யூடிஎஃப்-8 முறையில் 'த' என்னும் எழுத்து மூன்று பைட்டுகள். மைம் முறையின் ஒரு வகையில் அது ஒன்பது ஆங்கிலக் குறிகளாகிறது. பேஸ்64 என்னும் மற்றொரு வகையில் நான்காகிறது. ஆங்கில எழுத்து ஒன்றாகவே செல்கிறது. வழங்கிகள் எட்டுப் பிட்டுகளை அறியத் தொடங்கிய பின்னரும், வழியிலே எங்கோ ஒரு பழைய பதிப்பு இருக்கக்கூடும் என்ற அச்சத்தால் இம்மாற்றம் தொடர்ந்தது. இல்லாத காவலாளிக்கும் வரி செலுத்துவது போன்றது இது.

எவ்வாறாயினும் கடிதத்தின் உள்ளடக்கம் இவ்வாறு தமிழாயிற்று. உறையின் மேலுள்ள முகவரி ஆகவில்லை. பள்ளிமுனையில் சந்தியோகு என்று ஒருவர் இருப்பாரென வைத்துக்கொள்வோம். சான் தியாகோ என்னும் புனிதரின் பெயரை எம் மக்கள் தம் நாவுக்கேற்ப ஆக்கிக்கொண்ட அழகிய பெயர் அது. அதனை ஆங்கிலத்தில் எத்தனை விதமாகவும் எழுதலாம். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், அடையாள அட்டையில் இன்னொரு விதம், மின்னஞ்சல் முகவரியில் மூன்றாவது விதம். ஓர் எழுத்து மாறினால் கடிதம் வேறொருவரைச் சேரும் அல்லது எவரையும் சேராது. தமிழில் அப்பெயரை எழுத ஒரே விதந்தான் உண்டு. அவ்வாறு எழுத வழிசெய்யும் விதிகள் 2012 பெப்ரவரியில் வெளியாயின. எஸ்எம்டிபி யூடிஎஃப்8 எனப்படும் இந்நீட்சிக்கு ஒரு கடுமையான நிபந்தனை உண்டு: அனுப்பும் வழங்கி, இடையிலுள்ளவை, பெறும் வழங்கி ஆகிய அனைத்தும் அதனை அறிந்திருத்தல் வேண்டும். அறியாத வழங்கிக்காக முகவரியை உரோமன் வடிவுக்கு இறக்கித் தரும் ஏற்பாடு ஒன்று முன்னர் பரிசோதனையாக இருந்தது; 2012இன் விதிகளில் அது கைவிடப்பட்டது. வேடம் பூணும் வழி அடைபட்டது என்றும் சொல்லலாம். இனிப் பழைய பதிப்பைக் கண்டால் கடிதம் திரும்பிவிடும். ஆகவே தமிழ் முகவரியின் வாழ்வும் சாவும் வழங்கி மென்பொருள் தரமுயர்த்தப்படுதலையே முழுதாகச் சார்ந்துள்ளன. ஜீமெயில் 2014இலும், தளையறு மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ் தனது 3.0 பதிப்பின் மூலம் 2015இலும், எக்ஸ்சேஞ்ச் 2018இல் வெளியான 2019 பதிப்பிலும் இத்தகைய முகவரிகளுடன் கடிதம் பரிமாறும் ஆற்றலைப் பெற்றன. சென்ட்மெயில் 2021இல்தான், அதுவும் பரிசோதனை நிலையில், இதனைத் தந்தது.

இப்போது அரசின் வழங்கிக்குத் திரும்புவோம். 2010ஆம் ஆண்டிலேயே '.இலங்கை' என்னும் தமிழ் ஆள்களப் பெயர் இந்நாட்டுக்கு வழங்கப்பட்டுவிட்டது. சிங்களத்துக்குரிய பெயரும் உடன் கிடைத்தது. உலகில் முதன்முதலாக இவ்வுரிமை பெற்ற நாடுகளின் வரிசையில் இலங்கை நின்றது என்பது உண்மையிற் பெருமைக்குரியதே. ஆனால் 2014இலிருந்து 2023 வரை அரசு தன் கடிதங்களைப் பெற்ற எக்ஸ்சேஞ்ச் 2013 பதிப்புக்குத் தமிழில் எழுதிய முகவரியோடு கடிதம் பரிமாறும் ஆற்றல் கிடையாது. '.இலங்கை' என முடியும் தமிழ் முகவரி ஒன்றிலிருந்து பள்ளிமுனைக் குடியானவர் ஒருவர் மனு அனுப்பியிருந்தால் அவ்வழங்கி அதனை ஏற்றிராது. 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தின் வழியாகத் தமிழும் அரசகரும மொழியாயிற்று என்பதை இதன் பக்கத்தில் வைத்து நோக்கவேண்டும். சட்டப் புத்தகத்தில் ஒரு பதிப்பும் கந்தோரில் இன்னொரு பதிப்பும் இருப்பது எமக்குப் பழக்கமான நிலை. தமிழில் எழுதிச் சிங்களத்தில் பதில் பெற்றவர்களுக்கு அதனை விளக்கத் தேவையில்லை. வேறுபாடு யாதெனில், கந்தோரில் தவறு செய்யும் உத்தியோகத்தரைச் சுட்டிக்காட்டலாம். வழங்கியில் தவறு செய்பவர் எவருமிலர். ஒரு பதிப்பு எண்ணே உண்டு.

அப்பதிப்பு எண்களின் வரலாறு தனியே ஆராயத்தக்கது. அரச மின்னஞ்சல் முறைமை 2007இல் எக்ஸ்சேஞ்ச் 2003 பதிப்புடன் தொடங்கியது. அப்போதே எக்ஸ்சேஞ்ச் 2007 வெளிவந்துவிட்டது. பிறக்கும்போதே ஒரு பதிப்புப் பின்தங்கிப் பிறந்த முறைமை இது. 2003 பதிப்புக்கான நிறுவன ஆதரவு 2014 ஏப்ரல் 8இல் முடிந்தது. இலங்கை 2013 பதிப்புக்கு மாறியதும் அவ்வாண்டிலேயே. 2013 பதிப்புக்கான ஆதரவு 2023 ஏப்ரல் 11இல் முடிந்தது. ஆகஸ்டில் தாக்குதல் வந்தது. ஆக, தரமுயர்த்தலின் நாட்காட்டியைத் தீர்மானித்தது குடிமக்களின் தேவையுமன்று, மொழிச் சட்டமுமன்று. வொஷிங்டன் மாநிலத்தின் ரெட்மண்டிலுள்ள ஒரு நிறுவனம் தன் சரக்கைச் சந்தையிலிருந்து விலக்கும் நாளே. தாமதிப்பவருக்கு இன்னொரு தண்டனையும் உண்டு. 2003 பதிப்பும் 2013 பதிப்பும் ஒரே அமைப்பில் அருகருகே இயங்கா; நேராகத் தாண்ட முடியாது, இடையிலுள்ள ஒரு பதிப்பில் முதலில் ஏறவேண்டும், அல்லது எல்லாவற்றையும் புதிதாக நிறுவி அஞ்சற்பெட்டிகளைச் சுமந்து செல்லவேண்டும். ஏழை கடனுக்குக் கூடுதல் வட்டி கொடுப்பது போலவே ஏழை அரசு மென்பொருளுக்குக் கூடுதல் படிகள் ஏறுகிறது.

நிதியில்லை என்ற காரணத்தை நாம் எள்ளி நகையாட வேண்டியதில்லை. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்த அரசு இது; மருந்துக்கும் எரிபொருளுக்கும் டொலர் இல்லாத காலத்தில் உரிமக் கட்டணத்துக்கு டொலர் தேடுவது கடினமே. ஆயினும் திட்டம் 2021இலேயே இருந்தது என்பதையும், காப்புப்படி எடுப்பதற்குப் புதிய உரிமம் தேவையில்லை என்பதையும் மறக்கலாகாது. இன்னொன்றும் உண்டு. எம் நாட்டில் பாடசாலை ஒன்று தரமுயர்த்தப்பட்டால் அமைச்சர் வருவார், நாடா வெட்டப்படும், கல்வெட்டுத் திறக்கப்படும். ஆதார வைத்தியசாலையாகத் தரமுயர்ந்த மருத்துவமனையில் வைத்தியர் இல்லாவிடினும் பெயர்ப்பலகை இருக்கும். அஞ்சல் வழங்கி தரமுயர்த்தப்படும்போது நாடா வெட்ட இடமில்லை. நள்ளிரவில் கண்விழித்திருந்து ஒரு பொறியியலாளர் அதனைச் செய்து முடிப்பார். காலையில் எவரும் எதனையும் உணராதிருப்பதே அவ்வுழைப்பின் வெற்றி. புலப்படாத உழைப்பு மதிக்கப்படாத உழைப்பாவது முதலாளித்துவத்தின் பொதுவிதி. வீட்டுப் பெண்களின் உழைப்பைப் பற்றி நாம் கூறுவதை இவ்விடத்திலும் கூறலாம்.

உரிமம் வேண்டாத தளையறு மென்பொருளுக்கு மாறியிருந்தால் எல்லாம் தீர்ந்திருக்கும் என்று முற்போக்காளர் சிலர் கூறுவர். எனக்கும் அப்பக்கமே சாய்வு. ஆயினும் அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்ளத் தயக்கம். இந்நாட்டின் மின்னஞ்சலே அத்தகைய மரபில் தோன்றியது: 1990களின் தொடக்கத்தில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் அபய இந்துருவ முதலியோர் தொலைபேசி வழியாகக் கடிதங்களை மாற்றிக்கொள்ளும் 'லேர்ன்' என்னும் கல்வி வலையமைப்பை உருவாக்கினர். அரச அலுவலகங்களுக்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே இங்குள்ள பல்கலைக்கழகங்கள் தம் வழங்கியைத் தாமே நடத்தும் கைத்திறன் பெற்றிருந்தன. ஆனால் கைகள் இன்றி மென்பொருள் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்வதில்லை. 1988 நவம்பரில் ரொபேர்ட் மொறிஸ் என்ற மாணவர் விட்ட புழுநிரல் ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியபோது, அது நுழைந்த வாயில்களுள் ஒன்று மூலநிரல் கிடைக்கும் சென்ட்மெயிலில் திறந்து விடப்பட்டிருந்த ஒரு சோதனைக் கதவு. கியூமெயில் என்னும் வழங்கியோ இலவசமாகக் கிடைத்தும், திருத்திய வடிவைப் பரப்ப அதன் ஆசிரியர் 2007 வரை உரிமை தராமையால் 1998இன் பதிப்பிலேயே உறைந்து நின்றது. உடைமையுறவு விலையிலே மட்டும் தங்கியிருப்பதில்லை. யார் திருத்தலாம், திருத்துவதற்கான நேரத்தை யாருக்குச் சமூகம் ஒதுக்குகிறது என்பவற்றிலும் அது தங்கியுள்ளது.

தாக்குதலின் பின்னர், அன்றாடம் வலையமைப்புக்கு வெளியே காப்புப்படி எடுக்கப்படும் என்றும் மென்பொருள் அண்மைப் பதிப்புக்கு உயர்த்தப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது. எக்ஸ்சேஞ்ச் வரிசையில் அந்நாளின் அண்மைப் பதிப்பு 2019. தமிழ் முகவரியிலிருந்து வரும் கடிதத்தைத் திருப்பாத முதற்பதிப்பும் அதுவே. அதற்கான நிறுவன ஆதரவும் 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. ஒரு கொள்ளைக் கூட்டம் உள்நுழைந்ததன் காரணமாகவே அரசு தமிழெழுத்தைத் தாங்கவல்ல ஒரு பதிப்பின் வாயிலுக்கு வந்தது என்பது எம் மொழியுரிமை வரலாற்றில் எழுதி வைக்கவேண்டிய விந்தை.

அழிந்துபோன அந்த நூறு நாட்களைப் பற்றி ஒரு சொல். மன்னார்க் கச்சேரியின் பழைய பதிவேட்டில் கரையான் அரித்த பக்கத்திலும் இலக்கங்களின் வரிசை அறுந்திருப்பது தெரியும். எத்தனை கடிதங்கள் தொலைந்தன என்று எண்ணிவிடலாம். 2023 மே 17க்கும் ஆகஸ்ட் 26க்கும் இடையில் இக்கரையிலிருந்து அம்முகவரிகளுக்கு எழுதியவர் எவரேனும் இருந்தால், தாம் அனுப்பிய படியைத் தேடி எடுத்து மீண்டும் அனுப்பவேண்டியிருந்தது. அனுப்பவேண்டும் என்று அவர்களுக்கு யார் சொல்வது? அவர்களுடைய முகவரிகளும் அழிந்த கடிதங்களோடு அழிந்திருந்தன.